பசியும் பயமும் ஒரே தட்டில்

எங்கள் ஊர்ப் பக்கம் எடை என்றால் நெல்தான். நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறேன். எதிரே கொள்முதல் நிலையம். 40 கிலோ சிப்பமாகப் பிடிப்பார்கள். ஈரம் 17 சதவீதத்தைத் தாண்டினால் தார்ப்பாயில் கொட்டிக் காயவைத்துவிட்டு வரச் சொல்வார்கள். மூட்டை என்ன கனம் என்பதோடு உள்ளே எவ்வளவு தண்ணீர் என்பதையும் பார்க்கவேண்டும் என்பது பத்து வருஷமாக ஜன்னல் வழியே பார்த்த பாடம். என் உடம்பு என்று வந்தபோது அது ஞாபகத்துக்கே வரவில்லை.

இரண்டாவது முறை உண்டானபோது எனக்கு 31 வயது. 156 சென்டிமீட்டர் உயரம், 62 கிலோ. முதல் தடவை மூன்றாம் மாதத்திலேயே கலைந்துபோயிருந்தது. விசாரிக்க வந்தவர்கள் காபி குடித்தபடியே காரணமும் சொல்லிவிட்டுப் போனார்கள். "வண்டி ஓட்டுனாளாம்ல", "காலையில ஒண்ணும் திங்காம ஆபீசுக்கு ஓடுவாளே". முதல் மூன்று மாதத்தில் கலைவதில் ஏறக்குறைய பாதி குரோமோசோம் கோளாறால்தான், நீ சாப்பிட்டதும் சாப்பிடாததும் அதற்குக் காரணமில்லை என்று டாக்டர் அழுத்திச் சொன்னார். அது காதோடு நின்றது. வயிற்றுக்குள் இறங்கியது மற்றதுதான்: நான் சாப்பிடவில்லை, அதனால் போய்விட்டது.

இந்தத் தடவை மசக்கை பாடாய்ப் படுத்தியது. மூன்றாம் மாதம் முடியும்போது ஒரு கிலோ குறைந்து 61. வாந்தி நின்ற அன்றைக்கு வீட்டில் திருவிழாதான். என் மாமியாரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அவர் இனி விட்டதைப் பிடிக்கவேண்டும் என்று முடிவுகட்டிவிட்டார். "வாயும் வயிறுமா இருக்குறவ, ரெண்டு உசுருக்குத் திங்கணும்" என்று காலையில் நெய் தோசை, பதினோரு மணிக்குச் சங்கத்துக்கே கொடுத்தனுப்பும் சத்துமாவு உருண்டை, மத்தியானம் குவித்த சோறு, சாயங்காலம் ஏதாவது பலகாரம். நானும் மறுக்கவில்லை. அத்தைமேல் பழிபோட்டு எழுதுவது சுலபம். உண்மையில் தட்டைப் பிடித்துக்கொண்டிருந்த கை என்னுடையது.

நம் வீடுகளில் "போதும்" என்ற சொல்லுக்கு இருக்கிற கதி தெரியும்தானே. முதல் போதும் மரியாதைக்கு, இரண்டாவது கூச்சத்துக்கு, மூன்றாவதைத்தான் நிஜம் என்று எடுத்துக்கொள்வார்கள். அதற்குள் இரண்டு கரண்டி விழுந்திருக்கும். இலையின் மேல் கையை விரித்து மறித்தாலும் விரல் இடுக்கில் நெய் வந்துவிடும். இதில் கோபப்பட ஒன்றுமில்லை, பரிமாறுவதுதான் எங்கள் பக்கத்தில் அன்பைக் காட்டும் வழி. ஆனால் வயிறு நிறைந்தது என்று உடம்பு சொல்லும் தகவல், அப்படி மூன்று மாதம் கேட்காமலே விட்டால், வருவதே நின்றுவிடுகிறது. ஆறாம் மாதத்தில் எனக்குப் பசி எது, வழக்கம் எது என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாதாமாதம் எடை பார்ப்பார்கள். நான் அதற்கும் வழி கண்டுபிடித்தேன். வளையல், சங்கிலி எல்லாம் கழற்றி வைத்துவிட்டு ஏறுவேன். முள்ளைப் பார்க்காமல் எதிரே சுவரில் இருக்கும் தடுப்பூசி அட்டவணையைப் பார்ப்பேன். தாய் சேய் நல அட்டையில் எழுதுவதையும் படிக்காமல் மடித்துப் பையில் போட்டுக்கொள்வேன். ஊருக்கே லெட்ஜர் எழுதுகிறவள் தன் கணக்கை மட்டும் திறக்கவே இல்லை.

மேட்டூரில் ஜூன் 12-ல் தண்ணீர் திறந்து, எங்கள் வாய்க்காலுக்கு அது வந்து சேர்ந்த வாரத்தில் சர்க்கரைப் பரிசோதனை. 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் கொடுப்பார்கள், இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். முதல் மாதங்களில் பார்த்தபோது ஒன்றுமில்லை. 25-வது வாரத்தில் 152 வந்தது. 140-ஐத் தொட்டாலே கர்ப்பகாலச் சர்க்கரை என்று கணக்கு. அன்றைக்குத்தான் டாக்டர் அட்டையை விரித்து என் முன் வைத்தார். 69 கிலோ. பன்னிரண்டு வாரத்தில் எட்டு கிலோ.

அவர் திட்டவில்லை. கணக்காகச் சொன்னது எனக்குப் புரிந்தது. கர்ப்பத்துக்கு முன் இருந்த உடல் நிறைக் குறியெண்ணை, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் பி.எம்.ஐ.-யை வைத்துத்தான் எவ்வளவு கூடலாம் என்று பார்ப்பார்களாம். 2009-ல் அமெரிக்காவில் வகுத்த அளவைத்தான் பல இடங்களில் எடுத்துக்கொள்கிறார்கள். 18.5-க்குக் கீழே இருந்தால் 12.5 முதல் 18 கிலோ, அதிலிருந்து 24.9 வரை 11.5 முதல் 16, 25 முதல் 29.9 வரை 7 முதல் 11.5, முப்பதுக்கு மேல் 5 முதல் 9. என்னுடையது 25.5. நம் ஊர் உடம்புக்கு 23 தாண்டினாலே கவனம் வேண்டும் என்றும் சொன்னார். ரெண்டு உயிருக்கு என்று அத்தை போட்ட கணக்குக்கு எதிராக அவர் சொன்ன கணக்கு, ஒரு நாளைக்கு 350 கலோரி கூடுதல். அதாவது இரண்டு இட்லி, ஒரு கிண்ணம் சாம்பார், ஒரு டம்ளர் பால். இவ்வளவுதானா என்று கேட்டேன். இவ்வளவேதான்.

இதுவரை நடந்தது எல்லா வீட்டிலும் நடப்பது. அதற்குப் பிறகு நான் செய்ததுதான் எழுதவே வெட்கமாக இருக்கிறது.

பயம் திசை மாறியது, அவ்வளவுதான். சாப்பிடாததால் முதல் பிள்ளை போனது என்று நம்பியவள், இப்போது சாப்பிட்டே இந்தப் பிள்ளையைக் கெடுத்துவிட்டேன் என்று நம்பினேன். சோறு, இட்லி, பழம், பால் எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தினேன். வீட்டில் சொல்லமுடியுமா? தட்டை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய், பாதியைக் கழுநீர்த் தொட்டியில் கவிழ்த்துவிட்டு வருவேன். எங்கள் வீட்டுப் பசு அந்த மூன்று வாரம் நெய்ச்சோறு தின்றது. வீட்டில் எனக்கு ஆதரவாக இருந்தது என் வீட்டுக்காரரின் அப்பாயி ஒருவர்தான். அதுவும் தப்பான காரணத்துக்கு. "வாயக் கட்டுனாத்தான் புள்ள சின்னதா இருக்கும். சின்னதா இருந்தாத்தான் சொகப் பிரசவம்" என்பது அவருடைய கட்சி. எண்பது வயதில் அத்தையோடு இதற்காகச் சண்டையும் போடுவார். ஒருத்தி ஊட்டச் சொல்ல, ஒருத்தி பட்டினி போடச் சொல்ல, இரண்டுக்கும் நடுவில் நான்.

28-வது வாரத்தில் 67.5. குறைந்துவிட்டது என்று உள்ளூரச் சந்தோஷம். சிறுநீர்ப் பரிசோதனையில் கீட்டோன் இருந்தது. பட்டினியில் உடம்பு கொழுப்பை எரிக்கிறது, கர்ப்பத்தில் அப்படி இருக்கக்கூடாது என்று டாக்டர் முகம் மாறிச் சொன்னார்.

அந்த வாரம் வீட்டுக்கு வந்த கிராம சுகாதார செவிலியரை நாங்கள் நர்சம்மா என்போம். அவர்தான் நெல்லை ஞாபகப்படுத்தினார். "ஏம்மா, நீ சங்கத்துல இருக்க. மூட்டையில ஈரத்தப் பாக்காம கனத்த மட்டும் பாப்பியா? இதுல எது எவ்வளவுன்னு எழுது" என்று என் கையில் பேனாவைக் கொடுத்தார். எழுதினேன். குழந்தை சுமார் 3 கிலோ, நஞ்சுக்கொடி முக்கால் கிலோவுக்குக் கிட்ட, பனிக்குட நீர் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு, கருப்பை ஒரு கிலோ, மார்பு அரைக் கிலோ, கூடுதல் ரத்தம் ஒன்றரை, உடம்பில் சேரும் நீர் ஒன்றரை. மிச்சம்தான் கொழுப்பு, அதிலும் ஒரு பங்கு பால் கொடுக்கும் காலத்துக்காக உடம்பு சேர்த்துவைப்பது. குறைக்கிறேன் என்று நான் கிளம்பியதில் எதைக் குறைப்பேன் என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்னொன்றும் சொன்னார்: மெதுவாக ஏறும் எடையைவிட, ஒரே வாரத்தில் சட்டென்று ஒன்றிரண்டு கிலோ ஏறினால், கூடவே முகம் கை வீங்கினால், தலைவலி, கண் மங்கல் இருந்தால் அது ஈரம். ரத்தக் கொதிப்பாக இருக்கலாம். அன்றே ஆஸ்பத்திரிக்கு வந்துவிடவேண்டும், காலை வரை காத்திருக்கக்கூடாது.

என்ன சாப்பிட்டேன் என்று எழுதிவரச் சொல்லியிருந்தார்கள். நோட்டில் கோடு போட்டபோது கைப்பழக்கத்தில் நான்கு கலம் போட்டுவிட்டேன்: நேரம், என்ன, எவ்வளவு, விவரம். எங்கள் ரொக்கப் புத்தகத்தில் எந்தப் பற்றுக்கும் விவரம் எழுதாமல் விடமுடியாது. அதனால் இதிலும் எதற்காகச் சாப்பிட்டேன் என்று எழுத ஆரம்பித்தேன். மறைக்கவில்லை, கூட்டிக் குறைக்கவில்லை. முதல் வாரத்து விவரக் கலத்தில் "பசி" என்ற சொல் ஒன்பது இடத்தில்தான் இருந்தது. மீதி: "அத்தை முகம்", "அவர் போன்", "அடுத்த வீட்டு அக்கா சொன்னது", "சும்மா", "அசைவு". எழுதும்வரை இதில் எதுவுமே எனக்குத் தெரியாது.

வீட்டுக்காரர் சிங்கப்பூரில். சாயங்காலம் ஐந்து மணிக்குப் போன் வரும், எடுத்ததும் "சாப்பிட்டியா?" அந்தக் கேள்விக்கு ஆமாம் என்று சொல்வதற்காகவே நாலேமுக்காலுக்குத் தின்றுகொண்டிருந்திருக்கிறேன். அவரிடம் நோட்டைக் காட்டிச் சொன்னேன்: "என்னங்க, இனிமே வேற எதாச்சும் கேளுங்க." என்ன கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை, பாவம். இரண்டு நாள் வாய்க்காலில் தண்ணீர் எவ்வளவு வருகிறது என்று கேட்டார். பிறகு பேச்சு தானாக வந்தது.

அடுத்த வீட்டு அக்கா வரும் நாட்களில், "என்னடி, ரெட்டப் புள்ளையா?" என்பாள். அவள் போன அரை மணியில் முறுக்கு டப்பா திறந்திருக்கும். உடம்பைப் பற்றிப் பேசி மனசை நோகடித்தால் எடை குறையும் என்று யார் சொன்னார்களோ தெரியாது, எனக்கு ஏறியது. டப்பாவைப் பரண்மேல் ஏற்றியது ஒரு வழி. "அக்கா, அதை டாக்டர் பாத்துக்குறாங்க, நீங்க பூ கட்டுங்க" என்று சிரித்துக்கொண்டே ஒரே வாக்கியத்தை ஒவ்வொரு தடவையும் சொன்னது இன்னொன்று. நாலாவது தடவை அவள் அந்தப் பேச்சை விட்டுவிட்டாள்.

"அசைவு" என்று எழுதியதுதான் கடினமானது. ராத்திரி எல்லோரும் படுத்ததும் வீடு அடங்கிவிடும். அப்போதுதான் முதல் குழந்தை நினைவு வரும். இது அசைகிறதா, அசையவில்லையா? ஒருநாள் அசோகா அல்வா ஒரு வாய் போட்டதும் உள்ளே ஒரு துள்ளல். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டேன். தினமும் பத்து மணிக்கு ஏதாவது இனிப்பு. குழந்தை துள்ளும், நான் தூங்குவேன். இதை நாக்கு ருசி என்று நினைத்து என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். உண்மையில் அது உயிரோடிருக்கிறதா என்று கதவைத் தட்டிப் பார்ப்பது. கர்ப்பகாலச் சர்க்கரையோடு, ராத்திரி பத்து மணிக்கு.

நர்சம்மா இதைக் கேட்டுச் சிரிக்கவில்லை. இனிப்புத் தின்று அசைவை வரவழைப்பதில் ஆபத்தும் இருக்கிறது என்றார். நிஜமாகவே அசைவு குறைந்தால் இனிப்பை நம்பிக் காத்திருப்போம். 28 வாரத்துக்குப் பிறகு தினமும் ஒரே நேரத்தில் இடதுபக்கம் ஒருக்களித்துப் படுத்து எண்ணு, இரண்டு மணி நேரத்தில் பத்து வரவில்லை என்றாலோ வழக்கத்தைவிடக் குறைந்ததாகத் தோன்றினாலோ கிளம்பி வா, நடுராத்திரியானாலும் பரவாயில்லை. அன்றிரவு அத்தையைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு எண்ணினேன். அத்தை புளியங்கொட்டையை ஒவ்வொன்றாகத் தட்டில் போட்டார். நாற்பது நிமிஷத்தில் பத்து.

அந்தப் புளியங்கொட்டை ராத்திரிகளில் ஒன்றில்தான் அத்தை தன் கதையைச் சொன்னார். என் வீட்டுக்காரருக்கு முன் ஒரு பிள்ளை, எட்டாம் மாதத்தில் இறந்து பிறந்தது. "நடவு நட்டுக்கிட்டே இருந்தேன். ஒரு வேளக் கஞ்சி. அதான் போச்சுன்னு எங்க மாமியா சொன்னாங்க." சொன்ன அந்த மாமியார், உள்ளே கட்டிலில் குறட்டை விட்டுக்கொண்டிருந்த அப்பாயிதான். எனக்குத் தட்டில் விழுந்த ஒவ்வொரு கரண்டியும் எங்கிருந்து வந்தது என்று அப்போது விளங்கியது. நான் என் மூன்றாம் மாதத்தைச் சொன்னேன். இரண்டு பேரும் அழுதோம். கழுநீர்த் தொட்டி ரகசியத்தையும் சொல்லிவிட்டேன். "மாடு பூசுனாப்ல ஆனப்பவே தெரியும்" என்றார்.

அதற்குப் பிறகு ஒப்பந்தம் போடுவது எளிதாக இருந்தது. நானாகக் கேட்டால் தவிர இரண்டாம் தடவை போடக்கூடாது. அதற்குப் பதில் அத்தைக்கு வேறு வேலை: ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் என்னோடு வாய்க்கால் கரையில் நடப்பது. முதலில் பத்து நிமிஷம், பிறகு இருபது. சாப்பிட்டதும் நடந்தால் சர்க்கரை இறங்குவதை, விரலில் குத்திப் பார்க்கும் மீட்டரிலேயே பார்க்கலாம். இரண்டு மணி நேரம் கழித்து 120-க்குக் கீழே இருக்கவேண்டும் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். அக்கறையை எடுத்துவிட முடியாது, அதற்கு வேறு பாதை வெட்டிவிட்டால் போகிறது. எங்கள் ஊரில் மடை மாற்றுவது என்போம்.

தட்டில் நடந்த மாற்றம் பெரிதில்லை. முதலில் கீரையோ வாழைத்தண்டோ, பிறகு மீன் அல்லது சுண்டல், கடைசியில் சோறு, ஒரே கரண்டி அளவில். கர்ப்பிணிக்கு நல்லது என்று பூங்கார் அரிசி வாங்கிவந்தார்கள். நல்ல அரிசிதான், ஆனால் குவித்துச் சாப்பிட்டால் அதுவும் சோறுதான். டிகிரி காபியை இரண்டிலிருந்து ஒன்றாக்கினேன், அதையும் இரும்பு மாத்திரையோடு சேர்க்காமல் தள்ளி வைத்தேன். எடை பார்ப்பது வாரம் ஒரு நாள், வெள்ளிக்கிழமை காலை, அதே நைட்டி. தினமும் பார்த்தால் பைத்தியம் பிடிக்கும், மாதம் ஒருமுறை என்றால் சுவரைப் பார்க்கத் தோன்றும். வாரத்துக்குக் கால் கிலோவுக்குக் கொஞ்சம் மேல் ஏறினால் போதும் என்பது எனக்குச் சொன்ன அளவு.

ஒன்றை விட்டுவிடக்கூடாது. அந்தப் பட்டினி வாரங்களில் காலையில் எழவே பிடிக்காது, யார் பேசினாலும் கண்ணீர் வரும். கர்ப்பிணிக்கு அழுகை வரும்தான் என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். இரண்டு வாரமாக எதிலும் ஆர்வமில்லாமல் இருக்கிறதா, மனசு இருண்டே கிடக்கிறதா என்று டாக்டர்தான் கேட்டார். இரண்டுக்கும் ஆமாம். மனநல ஆலோசகரிடம் நான்கு முறை போனேன். அப்படி யாரும் கிட்டத்தில் இல்லையென்றால் 14416 என்ற டெலி மனஸ் எண்ணுக்குக் கூப்பிடலாம், தமிழிலேயே பேசுவார்கள். எடை, சர்க்கரை, மனசு மூன்றும் தனித்தனி அட்டையில் எழுதும் விஷயமல்ல என்று இப்போது தோன்றுகிறது.

ஆடிப்பெருக்கு வந்தபோது எட்டாம் மாதம். அன்றைக்குக் காவிரி மசக்கையாக இருக்கிறாள் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். அதனால்தான் ஆற்றங்கரைக்குச் சித்ரான்னம் கட்டிக்கொண்டு போவது. வெண்ணாற்றங்கரையில் தேங்காய்ச் சாதம், புளியோதரை, எலுமிச்சை, தயிர்ச்சாதம் என்று விரித்துவைத்ததும் எல்லோரும் ஆற்றை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு வாய் எடுத்துக்கொண்டேன், காப்பரிசி ஒரு சிட்டிகை. நன்றாகச் சமாளித்தேன் என்று பெருமை. அந்தப் பெருமை ஆவணியில் வளைகாப்பன்று போனது. சர்க்கரைப் பொங்கல் இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன், யாரும் வற்புறுத்தவில்லை. மீட்டரில் 134. முன்பென்றால் எல்லாம் கெட்டது என்று அன்று முழுக்கத் தின்று, மறுநாள் பட்டினி கிடந்திருப்பேன். இந்தத் தடவை விவரக் கலத்தில் "ருசியாக இருந்தது" என்று எழுதிவிட்டு மறுநாள் வழக்கம்போல மூன்று இட்லி.

பாபநாசத்தில் அம்மா வீடு. ஒன்பதாம் மாதம் அங்கே போனேன். அம்மா திருக்கருகாவூர் கர்ப்பரட்சாம்பிகை கோயில் விளக்கெண்ணெயை வயிற்றில் தடவிவிட்டுக்கொண்டே இருந்தார். கடைசி வெள்ளிக்கிழமை 71 கிலோ. கூடியது ஒன்பது. புரட்டாசியில் பெண் பிறந்தாள், 2.9 கிலோ. ஆறு வாரம் கழித்து எனக்கு மறுபடி 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்துப் பார்த்தார்கள், சரியாக இருந்தது. பிற்காலத்தில் சர்க்கரை வர வாய்ப்பு அதிகம் என்பதால் தொடர்ந்து பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள்.

அந்தப் பரிசோதனை அன்றைக்கு அத்தை பஸ் ஏறிப் பாபநாசம் வந்தார், தூக்கில் பூண்டுக் குழம்பும் சுறாப்புட்டும். எதிரே உட்கார்ந்து பரிமாறினார். "போதுமா?" "போதும் அத்தை." தூக்கை மூடிவிட்டார். ஒரே தடவைதான். பிறகு என் மடியிலிருந்த பேத்தியை எட்டிப் பார்த்து, "இது வயிறு ரொம்பக் குடிக்குதா இல்லையான்னே தெரியலயே" என்று ஆரம்பித்தார்.